அண்டா மூடி அன்பளிப்பு

மலையின் உயரத்தை அளந்துவிட்டார்கள். நிலவின் தூரத்தையும் அளந்துவிட்டார்கள். ஒரு மனிதன் செய்யும் தொண்டு எவ்வளவு சிறியது என்பதைத் துல்லியமாக அளக்கும் முறை மட்டும் மனித குலத்துக்குப் பிடிபடாமலே இருந்து வந்தது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை திருவண்ணாமலையைச் சேரும். குறிப்பாக, தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜுக்கும் ஒரு பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் சிறிய தேவாலயத்தின் செயலாளர் எட்வின் ஜீவரத்தினத்தைச் சேரும்.

ஜீவரத்தினம் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது. அவர் அலுவலகத்தை விடவில்லை. வீட்டில் இரண்டாவது டம்ளர் காபி வேண்டுமென்றாலும், முதல் டம்ளரில் கண்ட குறைபாடுகளை விளக்கிவிட்டுத்தான் கேட்பார். அவர் மனைவி ராணியம்மாள் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே காபியை ஆற்றி வைத்துவிடுவார்.

அந்தச் சபையில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து ஒரு தகர டின்னில் கொட்டுவார்கள். பொன்னியும் இட்லி அரிசியும் ரேஷன் அரிசியும் அந்த டின்னுக்குள் சாதிமத பேதமின்றிக் கலந்துவிடும். திங்கட்கிழமை காலையில் சபையைச் சேர்ந்த கன்னியம்மாள், தேவாலயத்தின் பின்புறம் விறகடுப்பில் அண்டாவை ஏற்றிக் கஞ்சி காய்ச்சுவார். அது அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும். நோயாளிகளுக்கு அங்கே சாப்பாடு உண்டு. நோயாளிக்குத் துணையாக வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது. கஞ்சி அவர்களுக்கு.

இதில் ஆளுக்கொரு சிறு பங்கு. ராஜம்மாள் உப்புப் பொட்டலம் கொண்டுவருவார். ஓய்வு பெற்ற ஆசிரியர் தனபால் ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டு, ஒரே ஒரு தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைப்பார். அண்டாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது முருகவேலின் ஷேர் ஆட்டோ. முருகவேல் சபையைச் சேர்ந்தவன் அல்லன். அடி அண்ணாமலை ஊர்க்காரன், நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன். அவன் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் இந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறான். அதனால் வாடகை வாங்க மாட்டான்.

ஜீவரத்தினத்தின் பங்கு, அண்டாவின் மூடி.

அது சாதாரண மூடி அன்று. கனத்த எவர்சில்வர் மூடி. அதில் அவருடைய பெயர், படிப்பு, வகித்த பதவி, பணியாற்றிய ஊர்கள் எல்லாம் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு சிலுவைக்கும் இடம் ஒதுக்கியிருந்தார். அண்டாவைக் கொடுத்தது யார் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. மூடியைக் கொடுத்தது யார் என்று ஆஸ்பத்திரிக் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு கரண்டி கஞ்சி ஊற்றியதும் மூடியைத் திரும்ப மூடிவிட வேண்டும் என்பது செயலாளரின் உத்தரவு. "சுகாதாரம்" என்று காரணம் சொல்லியிருந்தார். கன்னியம்மாள் மூடியைத் தூக்குவதும் வைப்பதுமாகக் கஞ்சி ஊற்றி முடிப்பதற்குள், வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்குக் கஞ்சி ஆறிப்போகும். ஆனால் காத்து நிற்கும் நேரத்தில் அவர்கள் ஜீவரத்தினத்தின் பணி வரலாற்றை முழுவதுமாகப் படித்துவிடலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் போதகர் மாறன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடுகு விதையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கடவுளின் பார்வையில் மிகச் சிறிய தொண்டே மிகப் பெரியது என்றார். பலர் உருகினார்கள். சிலர் உறங்கினார்கள். ஜீவரத்தினம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிகச் சிறியதுதான் மிகப் பெரியது என்றால், அந்த மிகச் சிறியது எது என்று இதுவரை யாரும் தீர்மானிக்கவில்லையே. இவ்வளவு முக்கியமான ஒரு பதவி காலியாகவே கிடக்கிறதே. அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

அந்த வாரமே சபையார் முன்னிலையில் நிர்வாகக் குழு கூடியது. "மிகச் சிறிய பங்களிப்பு விருது" நிறுவப்படும் என்றும், வென்றவருக்குப் பொன்னாடையும் சுவரில் பளிங்குக் கல்லும் உண்டு என்றும், வேலூரிலிருந்து மூத்த போதகர் ஒருவர் வந்து வழங்குவார் என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அதுவரை எங்கள் வீட்டு அன்பளிப்பு பெரியதா உங்கள் வீட்டு அன்பளிப்பு பெரியதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த சபை, அன்றைக்கு ஒரே நொடியில் தாழ்மையடைந்தது. தனபால் ஆசிரியர் எழுந்து, தாம் கொடுப்பது ஒரு குச்சி, அதைவிடச் சிறியதை யாராவது காட்டட்டும் என்று சவால் விட்டார். பின் வரிசையில் இருந்த ஒருவர், தாம் பல ஆண்டுகளாக ஆமென் என்பதைத் தவிர வேறெதுவும் சபைக்குச் செய்ததில்லை என்று கண்ணீருடன் சாட்சி சொன்னார். இன்னொருவர், தாம் அதையும் மனதுக்குள்தான் சொல்வதாகக் கூறி அவரை உட்காரவைத்தார்.

ஜீவரத்தினம் கணக்குப் போட்டார். மூடியோ தராசில் வைத்தால் கனக்கும். எடை பார்த்துக் கொடுத்தால் குச்சி வென்றுவிடும்.

"எடையைப் பாக்கக் கூடாதுங்க" என்றார் எழுந்து. "பலனைப் பாக்கணும். எங்க ஆபீஸ்ல ஒரு சீட் தேவையா இல்லியான்னு தெரியணும்னா, அந்த ஆளை லீவுல அனுப்பிட்டுப் பாப்போம். வேலை தடைபட்டா அவர் பங்கு ஜாஸ்தி. ஒண்ணும் ஆவலேன்னா, கம்மி."

போதகர் தயங்கினார். "நான் சின்னதுன்னு சொன்னது அந்த அர்த்தத்துல இல்லீங்க சார்."

"அர்த்தத்தை அப்புறம் பாத்துக்கலாம் பாஸ்டர். முதல்ல விதிமுறை."

இப்படித்தான் உலகப் புகழ் பெற வேண்டிய "நீக்கல் முறை" பிறந்தது. வாரம் ஒருவருடைய பங்கு நீக்கப்படும். அதை வேறு யாரும் ஈடுகட்டக் கூடாது. ஈடுகட்டினால் சோதனை செல்லாது. நீக்கிய பிறகும் யாருக்கும் எந்தக் குறையும் ஏற்படவில்லையென்றால், அதுவே மிகச் சிறிய பங்களிப்பு. இந்த முறையில் ஜீவரத்தினத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. பிறரை விடுப்பில் அனுப்பிப் பார்த்த அவர், தம் பணிக்காலம் முழுவதும் தாம் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. அதைக் கடமையுணர்ச்சி என்று பாராட்டி அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

முதல் திங்கட்கிழமை தனபால் ஆசிரியரின் தீக்குச்சி நீக்கப்பட்டது. கன்னியம்மாள் அண்டாவில் அரிசியும் தண்ணீரும் போட்டுவிட்டு, பற்றாத அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாடத்தில் தீப்பெட்டி இருக்கிறது, நானே கிழித்துக்கொள்கிறேன் என்று அவர் கையை நீட்டியபோது, செயலாளர் குறுக்கே பாய்ந்து தீப்பெட்டியைக் கைப்பற்றினார். சோதனையின் தூய்மை காக்கப்பட்டது. வெயில் ஏறியது. அரிசி ஊறியது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி போகவில்லை. ஒரு குச்சியால் ஓர் அண்டா கஞ்சி நின்றுபோனதால், தனபாலின் பங்களிப்பு மிகப் பெரியது என்று முடிவாகி, அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலம் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துகொண்டிருந்தது தமக்கே தெரியாது என்று போதகரிடம் சொல்லி வருந்தினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழிலரசி என்றொரு பெண் இருந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம். கணவன் வேர்க்கடலை மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டிப் படுக்கையில் கிடந்தான். கையிலிருந்ததெல்லாம் கரைந்துபோய், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் அங்கேயே இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை கன்னியம்மாளைப் பார்த்ததும் அவள் தூக்குப் போணியோடு எழுந்து வந்தாள்.

"போன வாரம் வரலியேக்கா. மத்தியானம் வரைக்கும் பாத்துனே இருந்தேன்."

"அளந்துனு இருக்கறாங்க கண்ணு."

"அரிசியையா?"

"அரிசியை இல்ல. ஆளுங்களை."

அன்றைக்கு உப்பு நீக்கப்பட்டிருந்தது. பசித்தவர்கள் குடித்தார்கள். குடித்த முகங்களைச் செயலாளர் நேரில் நின்று கவனித்தார். ஒரு பெரியவர் பாதியைச் சாக்கடையில் ஊற்றினார். "உப்பின்மை பரவலாக உணரப்பட்டது" என்று அறிக்கை தயாரானது. ராஜம்மாளின் பங்கும் பெரியதாகப் போய்விட்டது என்ற துயரச் செய்தியை ஜீவரத்தினம் பக்குவமாகத் தெரிவித்தார். விருது கிடக்கட்டும், வர்ற வாரமாவது உப்பு போட விடுவீர்களா என்று மட்டும் ராஜம்மாள் கேட்டார். விருதின் அருமை தெரியாதவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக முருகவேலின் ஆட்டோ. அந்தத் திங்கட்கிழமை பார்த்துப் பௌர்ணமி வந்து சேர்ந்தது.

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் நுழைவதற்கே கூட்டத்தின் அனுமதி வேண்டும். முருகவேல், வேண்டாம் சார், இன்னிக்கி மட்டும் நான் சந்து வழியாகக் கொண்டுபோய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். செயலாளர் அசையவில்லை. சபை இளைஞர்கள் இருவர் அண்டாவைக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கினார்கள். போதகர் கரண்டியுடன் பின்னால் போனார். ஜீவரத்தினம் மூடியை மார்போடு அணைத்து, எழுத்துக்கள் வெளியே தெரியும்படி முன்னால் நடந்தார்.

வீதியில் காலை வைத்ததும் அது நடந்தது. பௌர்ணமியன்று தெருவில் ஓர் அண்டா வந்தால் அது அன்னதானம். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு வரிசை உருவாகி, மூலை திரும்பி, பூக்கடை வரைக்கும் போய்விட்டது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு முதியவர் இரண்டு கையையும் குவித்து, "பிரசாதமா சாமி?" என்று போதகரைக் கேட்டார். இது அந்தப் பிரசாதம் இல்லை, ஆஸ்பத்திரிக் கஞ்சி என்று சொல்லத்தான் போதகர் வாயைத் திறந்தார். குவிந்த கையைப் பார்த்தார். ஊற்றிவிட்டார். ஒருவருக்கு ஊற்றிய பிறகு அடுத்தவருக்கு எப்படி இல்லையென்பது? குடித்தவர்கள் அண்ணாமலையானுக்கு அரோகரா என்றார்கள். போதகர் மெதுவாக ஆமென் என்றார். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே அண்டா காலியாகிவிட்டது.

ஆட்டோவின் பங்கு "வரம்பு மீறிப் பெரியது" என்று பதிவானது. ஜீவரத்தினத்துக்கு மட்டும் அன்றைய பொழுது வீணாகவில்லை. மூன்று மாநிலத்துப் பக்தர்கள் மூடியைப் படித்திருந்தார்கள்.

அடுத்தது அரிசி. எந்தப் பெண்ணின் கைப்பிடி எது என்று பிரிக்க முடியாததால், மொத்தமாக நீக்குவதென்று முடிவாயிற்று. செய்தியைக் கேட்டபோது ராணியம்மாள் அன்றைய உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். வழக்கமான கைப்பிடியை எடுத்த கை அப்படியே நின்றது.

"அரிசியை எடுத்துட்டா அது எப்படிங்க கஞ்சி ஆவும்?"

"அதைத்தான் கண்டுபுடிக்கப் போறோம்" என்றார் ஜீவரத்தினம்.

ராணியம்மாள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தக் கைப்பிடியை எடுத்துத் தனியாகத்தான் வைத்தார். அது முப்பது வருஷப் பழக்கம். குழுவின் தீர்மானம் கைக்கு எட்டவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அண்டா நிறைய உப்புப் போட்ட வெந்நீர் போயிற்று. தனபால் முறைப்படி பற்றவைத்தார், முருகவேல் முறைப்படி ஏற்றிப்போனான், மூடி முறைப்படி மூடியிருந்தது. எழிலரசி போணியை நீட்டினாள். கன்னியம்மாள் ஊற்றினார். அவள் போணிக்குள் பார்த்தாள். விரலை விட்டுத் துழாவினாள்.

"அடியில இருக்குதாக்கா?"

எத்தனையோ வருஷமாக அதே வராந்தாவில் கரண்டி பிடித்த கன்னியம்மாள், அன்றைக்குக் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதார். அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பசித்தவளுக்கு முன்னால் வெறும் தண்ணீரை ஊற்றி, அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலையைத் தமக்கு யார் கொடுத்தது என்று கொதித்தது. முருகவேல் எதிர்க்கடைக்கு ஓடி, கிடைத்த இட்லியை எல்லாம் வாங்கிவந்தான். அது சோதனை விதிகளுக்கு முரணானது என்பதால் அறிக்கையில் இடம்பெறவில்லை.

கன்னியம்மாள் நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனார். செயலாளர் அப்போது, "கஞ்சியில் அரிசியின் பங்கு புறக்கணிக்கத்தக்கதன்று" என்ற முடிவை நல்ல தமிழில் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் யாரை எடுக்கணும் செகரெட்டரி ஐயா? சொல்லிடுங்க. ஒரேடியா எடுத்துடலாம்."

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கிம்மா" என்றார் ஜீவரத்தினம் சாந்தமாக. "மூடி."

மூடி நீக்கப்படும் நாளும் வந்தது. ஜீவரத்தினம் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தார். காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கஞ்சியில் ஈ விழுந்துவிட்டால்? வழியில் சிந்திவிட்டால்? மூடிக்கும் ஒரு பயன் உண்டென்று தெரிந்துவிட்டால், போச்சு, விருது கைநழுவிவிடும். தம் தொண்டு யாருக்கும் எந்த விதத்திலும் பயன்படாததாக இருக்க வேண்டும் என்று அவர் முழங்காலில் நின்று மனமுருக ஜெபித்தார். அவர் ஜெபங்களில் அவ்வளவு சீக்கிரம் கேட்கப்பட்டது வேறொன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அவரே போய்ப் பார்த்தார். அண்டா திறந்தபடி வந்து இறங்கியது. ஆவி வராந்தா முழுவதும் பரவியது. வாசனை வார்டுக்குள் போய், கூப்பிடாமலே ஆட்களை எழுப்பிக் கூட்டிவந்தது. மூடியைத் தூக்கிவைக்கும் வேலை இல்லாததால் கன்னியம்மாளின் கை ஓடிக்கொண்டே இருந்தது. வரிசை நின்ற சுவடே தெரியாமல் கரைந்தது. கடைசியில் நின்றவர் கையிலும் சுடச்சுடக் கஞ்சி. எழிலரசி இரண்டாம் முறை போணியை நீட்டினாள். இன்றைக்குத்தான் கஞ்சி சூடாக இருக்கிறது என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு கன்னியம்மாள் சிரித்தார்.

ஒரு குறையும் இல்லை. ஒருவருக்கும் இல்லை. ஜீவரத்தினம் தூணைப் பிடித்துக்கொண்டார். கண்கள் பனித்தன. தம்முடைய பங்களிப்பு இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

விருது விழாவுக்குச் சீரியல் விளக்கு, மைக் செட், பிளெக்ஸ் எல்லாம் தடபுடலாக இருந்தன. வேலூரிலிருந்து வந்த மூத்த போதகர் பாராட்டுரையைக் கையில் வாங்கிக் கணீரென்று வாசித்தார். "திரு. எட்வின் ஜீவரத்தினம் அவர்களை நமது ஊழியத்திலிருந்து நீக்கியதால் எவருக்கும் எவ்வித இழப்பும் ஏற்படவில்லை என்பதும், மாறாக ஊழியம் முன்னிலும் சிறப்பாக நடந்தது என்பதும், முறையான சோதனையின் மூலம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டிருப்பதால்..."

அங்கே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதையே மறுபடியும் மனதுக்குள் படித்தார். பிறகு போதகர் மாறனைப் பார்த்தார். போதகர் மாறன் மின்விசிறியைப் பார்த்தார்.

கைதட்டல் எழுந்தது. யாருடையதையும்விட ராணியம்மாளின் கைதட்டல் பலமாக இருந்தது. பொன்னாடை தோளில் விழுந்தபோது, சோற்றில் கல் கடிபட்டதைப் போல ஜீவரத்தினத்துக்கு ஏதோ ஒன்று நெருடியது. என்னவென்று யோசிப்பதற்குள் புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. தேவாலயத்தின் பின்சுவரில் புதுப் பளிங்குக் கல் மினுமினுத்தது. அதைப் பார்க்கத்தான் ஜீவரத்தினம் வந்திருந்தார். கையில் மூடி. கஞ்சி கொதித்து இறங்கியிருந்தது. வழக்கமாக அண்டாவை ஆட்டோவில் ஏற்றிவிடும் இளைஞர்கள், முந்தின நாள் நாற்காலிகளை அடுக்கிய களைப்பில் வரவில்லை. முருகவேல் அண்டாவின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்திருந்தான். மறுபக்கத்தில் கன்னியம்மாள், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். வலி முகத்தில் தெரிந்தது.

"சார், அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க சார்" என்றான் முருகவேல். "அக்காவால முடியல."

ஜீவரத்தினம் மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். அண்டாவின் காது சுட்டது. இழுத்தபோதுதான் அது எவ்வளவு கனம் என்று முதன்முதலாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக இதையா தூக்கினார்கள் என்று தோன்றியது. அண்டா தரையை விட்டு லேசாக எழும்பியது. கன்னியம்மாள் நிமிர்ந்து, இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, அவரையும் சுவரிலிருந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்துங்க செகரெட்டரி ஐயா" என்றார். "நீங்க தூக்கி இது நவுந்துச்சின்னா, விருதைத் திருப்பிக் கேப்பாங்க."

ஜீவரத்தினம் விதிமுறையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் சொன்னது முற்றிலும் சரி.

கையை எடுத்துக்கொண்டார். கன்னியம்மாள் மறுபடியும் குனிந்தார்.